ஸ்டெப்பர் மோட்டார் கட்டுப்படுத்தியின் வரலாறு: வன்பொருள் வளங்களும் ஹோஸ்ட் கணினியுடனான தொடர்பும்

ஸ்டெப்பர் மோட்டார் இயக்கக் கட்டுப்படுத்தி என்பது, கணினியிலிருந்து வரும் நகர்வு ஆணைகளை மோட்டாரைப் படிப்படியாக நகர்த்தும் மின்துடிப்புகளாக மாற்றித் தரும் மின்னணுச் சாதனம் ஆகும். சிஎன்சி எந்திரங்கள், முப்பரிமாண அச்சுப்பொறிகள், லேசர் வெட்டும் கருவிகள், பிளாட்டர்கள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது. ஆணைகளை அனுப்பும் கணினி ஹோஸ்ட் எனப்படும். ஹோஸ்டுக்கும் மோட்டாருக்கும் இடையில் கட்டுப்படுத்தி நிற்கிறது.

இந்த ஏற்பாட்டில் எந்த வேலையை ஹோஸ்ட் செய்ய வேண்டும், எந்த வேலையைக் கட்டுப்படுத்தி செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு விடை கண்டது. எழுபது ஆண்டுகளில் இருவருக்கும் இடையிலான எல்லை பலமுறை இடம் மாறியுள்ளது. ஆயினும் ஒரு தேவை மாறவில்லை. ஒவ்வொரு துடிப்பும் உரிய நேரத்தில் மோட்டாரைச் சென்றடைய வேண்டும். அந்த நேரத்தைக் காக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதே இவ்வரலாற்றின் மையப் பொருள்.

ஸ்டெப்பர் மோட்டாரின் இயல்பு

சாதாரண மோட்டார் மின்சாரம் கொடுத்ததும் தொடர்ந்து சுழலும். ஸ்டெப்பர் மோட்டாரோ ஒரு துடிப்புக்கு ஒரு படி மட்டுமே நகரும். இன்று பரவலாகப் பயன்படும் வகையில் ஒரு படி 1.8 பாகை. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். ஓட்டுநர்ச் சுற்று எனப்படும் டிரைவர், ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3200 துடிப்புகள் தேவைப்படும். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் திருகுத்தண்டை இதனுடன் இணைத்தால் 1 மி.மீ. நகர்வுக்கு 400 துடிப்புகள் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை மலிவு. எத்தனை துடிப்புகள் அனுப்பினோம் என்று எண்ணினாலே கருவி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இருப்பிடத்தை அளக்கும் உணரி தேவையில்லை. இதன் பெரிய குறையும் இதிலிருந்தே பிறக்கிறது. மோட்டார் உண்மையில் நகர்ந்ததா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி திடீரென்று குறைந்தாலும், வேகத்தைப் படிப்படியாக ஏற்றாமல் ஒரேயடியாக ஏற்றினாலும் மோட்டாரின் சுழலி பின்தங்கிவிடும். அப்படிப் பின்தங்கும்போது பொதுவாக நான்கு முழுப்படிகளின் மடங்காகவே அது இடம் தவறும். மேற்சொன்ன திருகுத்தண்டில் இது 0.16 மி.மீ. பிழை. கட்டுப்படுத்திக்கு இது தெரியாது. அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும். அடுத்து வெட்டப்படும் ஒவ்வொரு கோடும் 0.16 மி.மீ. தள்ளியே விழும். பல மணி நேர வேலை முடிந்த பின்னரே பிழை கண்ணில் படும்.

ஆகவே ஸ்டெப்பர் மோட்டாரைப் பொறுத்தவரை, துடிப்பின் எண்ணிக்கை மட்டுமல்ல, அது வந்து சேரும் நேரமும் முக்கியம்.

தாள்நாடாவின் காலம்

எந்திரத்தை எண்களால் கட்டுப்படுத்தும் முறையின் தொடக்கம் ஸ்டெப்பர் மோட்டாரிலிருந்து வரவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் சுழலிதழ்களைத் தயாரித்துவந்த ஜான் பார்சன்ஸ், வளைவான பரப்புகளைத் துல்லியமாக வெட்ட ஒரு வழி தேடினார். 1949ஆம் ஆண்டில் அவருக்கு அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தம் கிடைத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சர்வோ ஆய்வகம் இதில் இணைந்தது. 1952ஆம் ஆண்டில் அந்த ஆய்வகம், எண்களால் கட்டுப்படுத்தப்படும் முதல் மில்லிங் எந்திரத்தைப் பொதுவில் இயக்கிக் காட்டியது. அதன் கட்டுப்பாட்டுப் பகுதி வெற்றிடக் குழாய்களாலும் ரிலேக்களாலும் ஆனது. அதை இயக்கியவை சர்வோ அமைப்புகள்.

ஆனால் வேலையைப் பங்கிடும் முறையில் அந்த எந்திரம் பின்வந்த எல்லாவற்றுக்கும் முன்னோடி. துளையிட்ட தாள்நாடாவில் ஒவ்வொரு துடிப்பும் பதிவு செய்யப்படவில்லை. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில் நகர வேண்டும் என்ற சுருக்கமான ஆணையே பதிவாகியிருந்தது. அந்த ஆணையை எண்ணற்ற துடிப்புகளாக விரித்தது எந்திரத்தின் பக்கத்தில் இருந்த மின்னணுச் சுற்று. கணக்குப் போடும் வேலை வேறெங்கோ, ஓய்வாக நடந்து முடிந்தது. நேரத்தைக் காக்கும் வேலை மட்டும் எந்திரத்தின் அருகில் நடந்தது.

பிளாட்டரும் பிரெசன்ஹாமும்

1959ஆம் ஆண்டில் கால்காம்ப் நிறுவனம் 565 என்ற உருளை பிளாட்டரை அறிமுகம் செய்தது. இதில் பேனாவும் தாளும் படிப்படியாக நகர்ந்தன. ஒரு படி 0.01 அங்குலம். ஒரு விநாடிக்கு 300 படிகள் வரை போகும். கணினி ஒவ்வொரு படிக்கும் ஆணை தர வேண்டும். இங்கே எல்லை மோட்டாரை ஒட்டியே அமைந்தது. ஏறத்தாழ எல்லாப் பொறுப்பும் ஹோஸ்டிடம் இருந்தது.

சாய்வான கோட்டை வரைய எந்தப் படியில் எக்ஸ் அச்சையும் எந்தப் படியில் ஒய் அச்சையும் நகர்த்துவது என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டும். அக்காலக் கணினிகளில் பெருக்கலும் வகுத்தலும் நேரம் பிடிக்கும் செயல்கள். 1962ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம், ஐபிஎம் 1401 கணினியுடன் இணைக்கப்பட்ட கால்காம்ப் பிளாட்டருக்காக ஒரு வழிமுறையை உருவாக்கினார். ஒவ்வொரு படியிலும் முழு எண்களின் கூட்டல், கழித்தல், ஒப்பிடல் மட்டுமே போதும். இவ்வழிமுறை 1965ஆம் ஆண்டில் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னல் இதழில் வெளியானது. கணினித் திரையில் கோடு வரையும் வழிமுறையாக மாணவர்கள் இன்று இதைப் படிக்கிறார்கள். உண்மையில் இது மோட்டாருக்காகப் பிறந்தது. சிறிய நுண்கட்டுப்படுத்திகள் பின்னாளில் பல மோட்டார்களை ஒருங்கே இயக்க முடிந்ததற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம்.

தொடர்நிலைக் கம்பியும் ஓட்டக் கட்டுப்பாடும்

தாள்நாடா கிழியும், அழுக்கேறும், திருத்துவதற்கு வசதியில்லாதது. எனவே நாடா படிப்பானின் இடத்தில் கணினியையே இணைக்கும் வழக்கம் வந்தது. சில அமைப்புகளில் கணினி, நாடா படிப்பானைப் போலவே நடித்து எழுத்துகளை அனுப்பியது. எந்திரத்துக்கு வேறுபாடு தெரியாது.

இந்த இணைப்புக்குப் பெரிதும் பயன்பட்டது ஆர்.எஸ்.-232 என்ற தொடர்நிலைத் தரம். 1960இல் அறிமுகமாகி, 1969இல் ஆர்.எஸ்.-232-சி என்ற பரவலான வடிவத்தைப் பெற்றது. எந்திரத்திடம் இருந்த நினைவகம் சிறியது. பெரிய வடிவங்களுக்கான நிரல் அதற்குள் அடங்காது. எனவே கணினி நிரலைச் சிறிது சிறிதாக அனுப்பியது. சிஎன்சி பட்டறைகளில் இதை டிரிப் ஃபீடிங் என்பர். சொட்டுநீர்ப் பாசனம் போன்றதொரு முறை.

சொட்டு அதிகமானால் நினைவகம் நிரம்பி வழியும். குறைந்தால் எந்திரம் வேலையின் நடுவில் காத்து நிற்கும். இதற்குத் தீர்வாக இரண்டு சிறப்புக் குறியீடுகள் பயன்பட்டன. நினைவகம் நிரம்பும் தறுவாயில் எந்திரம் எக்ஸ்ஆஃப் என்ற 19ஆம் எண் குறியீட்டை அனுப்பும். கணினி அனுப்புவதை நிறுத்தும். இடம் கிடைத்ததும் எக்ஸ்ஆன் என்ற 17ஆம் எண் குறியீடு போகும். மீண்டும் ஓட்டம் தொடங்கும். இம்முறை நேரான கம்பி இணைப்பில் நன்றாக வேலை செய்தது. நடுவில் இன்னொரு சில்லு வந்தபோது இது ஏன் பொய்த்தது என்பதைப் பின்னர் காண்போம்.

இக்காலத்தில்தான் ஆணைகளின் மொழியும் நிலைபெற்றது. ஜி-கோடு என்று அழைக்கப்படும் அம்மொழியின் ஆர்.எஸ்.-274-டி என்ற தரம் 1980இல் ஏற்கப்பட்டது. நேர்கோட்டில் செல், வில்லாகச் செல், இந்த வேகத்தில் செல் என்று வரி வரியாகச் சொல்லும் மொழி இது.

பேரலல் போர்ட்: எல்லாப் பொறுப்பும் கணினியிடம்

1990களில் மேசைக் கணினிகள் மலிந்தன. தனியாகக் கட்டுப்படுத்தி வாங்குவதற்குப் பதிலாக, அச்சுப்பொறிக்கான 25 முனைப் பேரலல் போர்ட்டையே மோட்டார் டிரைவர்களுடன் இணைக்கும் வழி பிரபலமானது. அந்தப் போர்ட்டில் 8 தரவு முனைகளும் 4 கட்டுப்பாட்டு முனைகளும் வெளியீடாகப் பயன்படும். 5 முனைகள் உள்ளீடாகப் பயன்படும். மூன்று அச்சுகளுக்குத் துடிப்பு, திசை என 6 முனைகள் போனால், சுழல்தலைக்கும் குளிர்விப்பானுக்கும் மீதி முனைகள். எல்லை உணரிகளுக்கு 5 உள்ளீடுகள். வீட்டிலேயே எந்திரம் செய்ய விரும்பியவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் தொடங்கிய இஎம்சி திட்டம் பின்னர் லினக்ஸ்சிஎன்சி என்ற திறந்த மென்பொருளாக வளர்ந்தது. விண்டோஸ் இயங்குதளத்தில் மாக் 3 மென்பொருள் பரவியது. மாக் 3 விநாடிக்கு 25,000 முறை கணினியைக் குறுக்கிட்டுத் துடிப்பை உருவாக்குவதை அடிப்படை அமைப்பாகக் கொண்டிருந்தது.

இங்கேதான் ஒரு முரண்பாடு வெளிப்பட்டது. கணினியின் வேகம் மோட்டாரின் தேவையைவிடப் பல மடங்கு அதிகம். ஆயினும் துடிப்புகள் தாமதமாயின. காரணம், பொதுப்பயன் கணினி ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கிறது. திரையைப் புதுப்பிப்பது, வட்டைப் படிப்பது, மின்சாரச் சேமிப்பை நிர்வகிப்பது என எதுவும் துடிப்பை ஒரு கணம் தள்ளிவைக்கலாம். லினக்ஸ்சிஎன்சி இதற்காக நிகழ்நேர வசதி கொண்ட லினக்ஸ் கருவைப் பயன்படுத்தியது. பயனர்கள் எந்திரத்தை இணைப்பதற்கு முன் தாமதத்தை அளக்கும் சோதனையை ஓட்டிப் பார்க்குமாறு அறிவுறுத்தப்பட்டார்கள். மடிக்கணினிகள் பெரும்பாலும் இச்சோதனையில் தேறவில்லை. அவற்றின் மின்சேமிப்பு ஏற்பாடுகள் இயங்குதளத்துக்கே தெரியாமல் இடைமறிப்பவை. ஒரு கணினி சராசரியாக எவ்வளவு விரைவானது என்பதைவிட, மிக மோசமான தருணத்தில் எவ்வளவு தாமதிக்கும் என்பதே இங்கு அளவுகோல்.

பின்னர் பேரலல் போர்ட்டே புதிய கணினிகளிலிருந்து மறைந்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்த யு.எஸ்.பி. இணைப்பு தரவுகளைப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்புவது. ஒவ்வொரு துடிப்பையும் நேரந்தவறாமல் அதன் வழியே அனுப்புவது நடைமுறையில் இயலாது. நேரத்தைக் காக்கும் வேலை மீண்டும் மோட்டாரின் அருகே திரும்ப வேண்டியதாயிற்று.

ஜிஆர்பிஎல்: 2 கிலோபைட்டுக்குள் ஒரு கட்டுப்படுத்தி

2009ஆம் ஆண்டில் நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட், அர்டுயினோ பலகையில் இயங்கும் ஜிஆர்பிஎல் என்ற திறந்த மென்பொருளை வெளியிட்டார். 2011 முதல் சங்குன் ஜியோன் அதன் வளர்ச்சிப் பொறுப்பை ஏற்றார். அது பேரலல் போர்ட் கணினிக்குப் பதிலாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு நுண்கட்டுப்படுத்தியை நிறுத்தியது.

அந்த நுண்கட்டுப்படுத்தி ஏடிமெகா328பி. அதன் கடிகார வேகம் அர்டுயினோ ஊனோ பலகையில் 16 மெகாஹெர்ட்ஸ். நிரலுக்கு 32 கிலோபைட் பிளாஷ் நினைவகம். மாறிகளுக்கு 2 கிலோபைட் எஸ்ரேம். நிலையான அமைப்புகளுக்கு 1 கிலோபைட் ஈஈப்ராம். மூன்று டைமர்கள், ஒரேயொரு தொடர்நிலைப் போர்ட். தசமக் கணக்குக்கென்று தனி வன்பொருள் கிடையாது.

ஜிஆர்பிஎல் இதில் விநாடிக்கு 30,000 துடிப்புகள் வரை சீராகத் தந்தது. முன்சொன்ன திருகுத்தண்டுக்கு இது நிமிடத்துக்கு 4500 மி.மீ. வேகம். இரண்டு துடிப்புகளுக்கு இடையே கிடைப்பது ஏறத்தாழ 533 கடிகாரச் சுற்றுகள் மட்டுமே. அதற்குள் மூன்று அச்சுகளுக்கான முடிவையும் எடுக்க வேண்டும். ஜி-கோடு வரியைப் படிக்கவும், வேகத்தைத் திட்டமிடவும், கணினியுடன் பேசவும் அதே சில்லில் நேரம் மிச்சம் வேண்டும்.

இதற்கு ஜிஆர்பிஎல் வேலையை அடுக்குகளாகப் பிரித்தது. ஜி-கோடைப் படிப்பதும் வேகத்தைத் திட்டமிடுவதும் முதன்மை நிரலின் வேலை. அவை சற்றுத் தாமதமானாலும் கேடில்லை. துடிப்பைத் தருவது இன்டரப்ட் எனப்படும் குறுக்கீட்டின் வேலை. அது ஒருபோதும் தாமதிக்கக் கூடாது. 16 பிட் அகலமுள்ள முதலாம் எண் டைமர் அடுத்த துடிப்புக்கான நேரம் வந்ததும் மற்ற வேலைகளை இடைநிறுத்துகிறது. குறுக்கீட்டுக்குள் பிரெசன்ஹாம் வழிமுறை ஓடி எந்த அச்சுகள் நகர வேண்டும் என்று முடிவு செய்கிறது. 8 பிட் அகலமுள்ள பூஜ்ய எண் டைமர், சில மைக்ரோ விநாடிகள் கழித்து அத்துடிப்பை அணைக்கிறது.

முனைகளின் பங்கீட்டிலும் இதே கவனம் தெரியும். மூன்று அச்சுகளின் துடிப்பு முனைகளும் திசை முனைகளும் டி2 முதல் டி7 வரை, சில்லின் ஒரே போர்ட்டில் அமைந்துள்ளன. ஆகவே ஒரே எழுத்துச் செயலில் மூன்று மோட்டார்களுக்கும் துடிப்பு ஒன்றாகப் போகும். பூஜ்யமும் ஒன்றும் ஆகிய முனைகள் கணினித் தொடர்புக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றில்தான் எல்லை உணரிகள், சுழல்தலை, குளிர்விப்பான், அளவுகோல் உணரி, பொத்தான்கள் எல்லாம் இடம்பிடிக்க வேண்டும்.

வளங்கள் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு 0.9 பதிப்பில் நேர்ந்த ஒரு மாற்றம் நல்ல எடுத்துக்காட்டு. சுழல்தலையின் வேகத்தை மாற்ற, துடிப்பகல மாற்று வெளியீடு தேவைப்பட்டது. மீதமிருந்தது இரண்டாம் எண் டைமர் மட்டுமே. அதன் வெளியீடு டி11 முனையில் வரும். அந்த முனையில் அதுவரை செங்குத்து அச்சின் எல்லை உணரி இருந்தது. ஆகவே உணரி டி12க்கு நகர்ந்தது. பழைய முனையமைப்புக்காக அச்சிடப்பட்ட இணைப்புப் பலகைகளில் இரண்டு பெயர்களும் இடம் மாறியே இருந்தன. பலகையில் எழுதியிருப்பதை நம்பிக் கம்பி இணைத்த பலருக்கு எல்லை உணரி ஏன் வேலை செய்யவில்லை என்று புரியாமல் போனது இதனால்தான்.

நினைவகத்திலும் இதே இழுபறி. முன்கூட்டித் திட்டமிடும் பட்டியலில் 0.9 பதிப்பு 18 நகர்வுகளை வைத்திருந்தது. புதிய வசதிகள் சேர்ந்த 1.1 பதிப்பில் அது 16 ஆகக் குறைந்தது.

இந்தத் திட்டமிடும் பட்டியல் ஒரு முக்கியமான விதியைப் பின்பற்றுகிறது. பட்டியலின் கடைசி நகர்வின் முடிவில் வேகம் பூஜ்யமாக இருக்கும்படியே எப்போதும் திட்டம் போடப்படும். புதிய நகர்வு வந்து சேர்ந்தால் திட்டம் திருத்தப்பட்டு வேகம் தொடரும். வராவிட்டால் எந்திரம் முறையாக வேகம் குறைந்து நிற்கும். அதாவது ஹோஸ்ட் தாமதித்தாலும் படிகள் தவறுவதில்லை. பேரலல் போர்ட் காலத்தில் கணினியின் தாமதம் இடப்பிழையாக முடிந்தது. இங்கே அது வேகக் குறைவாக மட்டும் முடிகிறது. இதுவே ஜிஆர்பிஎல் வடிவமைப்பின் முதன்மையான சாதனை.

ஆயினும் வேகக் குறைவும் சில நேரம் வேலையைக் கெடுக்கும். லேசர் ஒரே வலிமையில் எரிந்துகொண்டிருக்க, கருவி தயங்கினால் அந்த இடம் கருகும். 1.1 பதிப்பில் வந்த லேசர் முறை, வேகத்துக்கு ஏற்ப லேசரின் வலிமையையும் குறைத்து இதைச் சமாளித்தது.

எழுத்துகளை எண்ணும் முறை

கணினியிலிருந்து வரும் எழுத்துகளை ஜிஆர்பிஎல் 128 பைட் அளவுள்ள ஓர் இடைத்தாங்கியில் சேமிக்கிறது. ஒவ்வொரு வரியையும் ஏற்றுக்கொண்டதும் ஓகே என்று விடை அனுப்புகிறது. மிக எளிய அனுப்புமுறையில், கணினி ஒரு வரியை அனுப்பி, ஓகே வந்ததும் அடுத்த வரியை அனுப்பும். இது நம்பகமானது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் போய்வரும் நேரம் வீணாகும்.

வேகத்தின் கணக்கைப் பார்க்கலாம். 0.8 பதிப்பு வரை தொடர்பு வேகம் விநாடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்கு 10 பிட் என்பதால் விநாடிக்கு 960 எழுத்துகள். ஒரு வரிக்கு 20 எழுத்துகள் என்று கொண்டால் விநாடிக்கு 48 வரிகள். ஒரு வளைவை 0.1 மி.மீ. துண்டுகளாக வெட்டி அனுப்பினால், கருவியின் வேகம் விநாடிக்கு 4.8 மி.மீ.க்கு மேல் போகாது. மோட்டாரால் 75 மி.மீ. போக முடிந்தாலும் கம்பி அதை அனுமதிக்காது. 0.9 பதிப்பு 115,200 பிட் வேகத்துக்கு மாறியதும் இந்த எல்லை 12 மடங்கு உயர்ந்தது.

நிரம்பி வழிவதைத் தடுக்கப் பழைய எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப் முறை பயன்பட்டிருக்கலாமே என்று தோன்றும். ஊனோ பலகையில் யு.எஸ்.பி. இணைப்பைத் தொடர்நிலையாக மாற்ற ஒரு தனிச் சில்லு உண்டு. அச்சில்லின் நிரல் இக்குறியீடுகளைக் கண்டுகொள்வதில்லை. அதற்கெனவும் ஓர் இடைத்தாங்கி இருக்கிறது. நிறுத்து என்ற செய்தி கணினியைச் சேர்வதற்குள் வழியில் இருக்கும் எழுத்துகள் வந்து வழிந்துவிடும்.

எனவே ஜிஆர்பிஎல் குழு வேறொரு முறையைப் பரிந்துரைத்தது. அனுப்பிய எழுத்துகளைக் கணினியே எண்ணிவரும். எந்தெந்த வரிக்கு ஓகே வந்தது என்பதைக் கொண்டு கட்டுப்படுத்தியிடம் எத்தனை எழுத்துகள் மீதமிருக்கின்றன என்று கணக்கிடும். மொத்தம் 128ஐத் தாண்டாதவரை அடுத்தடுத்த வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கட்டுப்படுத்தி எந்தக் கூடுதல் வேலையும் செய்வதில்லை. நினைவில் வைத்திருக்கும் சுமை, நினைவகம் ஏராளமாக உள்ள கணினியிடம் போயிற்று. வளம் மிகுந்தவரிடம் வேலையைக் கொடுப்பது என்ற நல்ல பங்கீடு இது.

இம்முறைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஈஈப்ராமில் ஒரு பைட் எழுத ஏறத்தாழ 3.4 மில்லி விநாடி ஆகும். அவ்வேளையில் ஜிஆர்பிஎல் குறுக்கீடுகளை நிறுத்திவைக்கிறது. 115,200 பிட் வேகத்தில் அந்த நேரத்துக்குள் சுமார் 39 எழுத்துகள் வந்துவிடும். அவற்றை வாங்கி வைக்க யாருமில்லை. தொடர்நிலை வன்பொருள் இரண்டு மூன்று எழுத்துகளை மட்டுமே தாங்கும். மற்றவை தொலையும். ஆகவே அமைப்புகளை மாற்றும் வரிகளை அனுப்பும்போது மட்டும், ஒவ்வொரு வரிக்கும் ஓகே வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி.

வரிசையில் நிற்காத ஆணைகள்

128 எழுத்துகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கும்போது, கருவி தவறான இடத்தை நோக்கிப் போவதைப் பயனர் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தும் ஆணையும் வரிசையின் கடைசியில் போய் நின்றால் பயனில்லை.

இதற்காகச் சில குறிகள் நிகழ்நேர ஆணைகளாக ஒதுக்கப்பட்டன. ‘?’ நிலையைக் கேட்கும். ‘!’ வேகத்தைக் குறைத்து நிறுத்தும். ‘~’ மீண்டும் தொடரச் செய்யும். கன்ட்ரோல்-எக்ஸ் எல்லாவற்றையும் மீளத் தொடங்கும். இவை வந்து சேரும் கணத்திலேயே தொடர்நிலைக் குறுக்கீடு இவற்றைப் பிரித்தெடுத்துவிடும். இடைத்தாங்கியில் இவை இடம்பிடிப்பதில்லை. ‘!’ நிறுத்தும்போதும் உடனடியாக மோட்டாரை வெட்டுவதில்லை. முறையாக வேகம் குறைப்பதால் இருப்பிடக் கணக்கு காக்கப்படுகிறது. 1.1 பதிப்பில் வெட்டும் வேகத்தை 10 முதல் 200 விழுக்காடு வரை ஓட்டத்திலேயே மாற்றும் ஆணைகளும் இவ்வகையில் சேர்ந்தன.

ஆனால் இவை அவசர நிறுத்தத்துக்கு மாற்றல்ல. கணினி உறைந்தாலோ யு.எஸ்.பி. கம்பி கழன்றாலோ ‘!’ போய்ச் சேராது. அவசர நிறுத்தப் பொத்தான் கணினியையோ நுண்கட்டுப்படுத்தியையோ நம்பாமல் மோட்டார்களின் மின்சாரத்தையும் சுழல்தலையின் மின்சாரத்தையும் நேரடியாகத் துண்டிக்க வேண்டும். ஊனோ பலகையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணினியில் ஒரு நிரல் தொடர்நிலைப் போர்ட்டைத் திறந்தாலே பலகை மீளத் தொடங்கும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. நிரல் ஏற்றுவதற்கு இது வசதி. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்துக்கு இது இருப்பிடக் கணக்கையே அழித்துவிடும்.

முப்பரிமாண அச்சும் மார்லினும்

2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம் முப்பரிமாண அச்சுப்பொறியை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதற்கு மூன்று அச்சுகளுடன் பிளாஸ்டிக் இழையைத் தள்ளும் மோட்டாரும், வெப்பநிலைக் கட்டுப்பாடும் வேண்டும். 2011இல் எரிக் வான் டெர் சால்ம் வெளியிட்ட மார்லின், ஜிஆர்பிஎல்லின் திட்டமிடும் பகுதியை எடுத்துக்கொண்டு வளர்ந்தது. திறந்த உரிமம் இதை அனுமதித்தது. அது பரவலாக ஓடிய அர்டுயினோ மெகா 2560 பலகையில் 256 கிலோபைட் பிளாஷும் 8 கிலோபைட் எஸ்ரேமும் இருந்தன.

அச்சு பல மணி நேரம் நீடிக்கும் வேலை. ஓர் எழுத்து சிதைந்தாலும் பொருள் பாழாகும். எனவே ரெப்ராப் வழிவந்த தொடர்பு முறையில் ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண்ணும் சரிபார்ப்பு எண்ணும் சேர்க்கலாம். பொருந்தாத வரியை மீண்டும் அனுப்புமாறு கட்டுப்படுத்தி கேட்கும். எஸ்டி அட்டையிலிருந்து நேரடியாக அச்சிடும் வசதியோ ஹோஸ்டையே தேவையற்றதாக்கியது.

கிளிப்பர்: எல்லை மீண்டும் இடம் மாறுகிறது

2016இல் கெவின் ஓ’கானர் வெளியிட்ட கிளிப்பர் பங்கீட்டைத் திருப்பிப் போட்டது. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி ஜி-கோடைப் படித்து, முடுக்கத்தைத் திட்டமிட்டு, ஒவ்வொரு துடிப்பும் எந்த நேரத்தில் நிகழ வேண்டும் என்பது வரை கணக்கிட்டுவிடும். நுண்கட்டுப்படுத்திக்கு வேகத் திட்டம் தெரியாது, ஜி-கோடும் தெரியாது. குறித்த கடிகார எண்ணிக்கையில் துடிப்பைத் தருவது மட்டுமே அதன் வேலை.

பேரலல் போர்ட் காலத்திலும் கணக்கு கணினியிடம்தான் இருந்தது. வேறுபாடு நேரத்தில் உள்ளது. அங்கே துடிப்பு நிகழும் கணத்தில் கணினி விழித்திருக்க வேண்டும். கிளிப்பரில் கணினி முன்கூட்டியே எழுதிய கால அட்டவணையை அனுப்புகிறது. கட்டுப்படுத்தி தன் கடிகாரத்தைப் பார்த்து அதை நிறைவேற்றுகிறது. இதற்காகக் கணினி, கட்டுப்படுத்தியின் கடிகாரத்தைத் தொடர்ந்து கவனித்துத் தன் கடிகாரத்துடன் ஒப்பிட்டுவருகிறது. ஒவ்வொரு துடிப்பின் நேரத்தையும் தனித்தனியே அனுப்பினால் கம்பி தாங்காது. ஆகவே இடைவெளி, எண்ணிக்கை, ஒவ்வொரு முறையும் இடைவெளியில் ஏற்படும் மாற்றம் ஆகிய மூன்று எண்களாகச் சுருக்கி அனுப்பப்படுகிறது. முடுகும் மோட்டாரின் பல துடிப்புகள் ஒரே செய்தியில் அடங்கிவிடும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. அட்டவணை உரிய நேரத்தில் வந்து சேராவிட்டால் கட்டுப்படுத்தியால் தானாக வேகம் குறைத்து நிற்க முடியாது. அதற்கான அறிவு அதனிடம் இல்லை. கடந்துபோன நேரத்துக்கு ஆணை வந்தால், அது பிழை என்று அறிவித்து எந்திரத்தை முழுமையாக நிறுத்திவிடும். தவறான துடிப்பைத் தருவதைவிட நிற்பது மேல் என்பது அதன் கொள்கை.

இதற்கிடையில் நுண்கட்டுப்படுத்திகளும் வளர்ந்தன. 32 பிட் சில்லுகளுக்காக ஜிஆர்பிஎல்ஹால் போன்ற வழித்தோன்றல்கள் வந்தன. லினக்ஸ்சிஎன்சி பயனர்கள், துடிப்பை உருவாக்கும் வேலையை எஃப்பிஜிஏ அட்டைகளிடம் ஒப்படைத்தார்கள்.

வரலாறு காட்டுவது

தாள்நாடா, பிளாட்டர், டிரிப் ஃபீடிங், பேரலல் போர்ட், ஜிஆர்பிஎல், கிளிப்பர் ஆகியவற்றை ஒப்பிட்டால் சில பொது உண்மைகள் புலப்படும். கணக்கிடும் திறன் எங்கு மலிவோ அங்கே கணக்கு நகர்ந்தது. அது சில காலம் கணினியாகவும் சில காலம் சில்லாகவும் இருந்தது. ஆனால் துடிப்புக்கான கடிகாரத்தை மோட்டாரிலிருந்து தள்ளிவைத்த முயற்சி படிகளைத் தவறவிட்டது. கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே எப்போதும் தாமதம் உண்டு. அதை ஒழிக்க முயன்றவர்களைவிட, அது உண்டு என்று ஏற்று அதற்கு இடைத்தாங்கி வைத்தவர்களே வென்றார்கள்.

மாணவர்கள் ஒரு கட்டுப்படுத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது கடிகார வேகத்தையும் நினைவக அளவையும் மட்டும் பார்ப்பது போதாது. ஹோஸ்ட் தாமதித்தால் இது என்ன செய்யும், நிறுத்தும் ஆணை எந்த வழியில் வரும், சிதைந்த செய்தியை எப்படிக் கண்டறியும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். ஸ்டெப்பர் மோட்டார் தன் தவறைத் தானாகச் சொல்லாது என்பதால், இவற்றுக்கான விடைகள் எந்திரத்தை இயக்கும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.